பாதி புண்ணாக்கு, பாதி கோய்

கடலில் மூழ்கிப்போன கோய், மூன்று மாதம் கழித்து, தன் வீட்டுத் தரைக்கு அடியில் வளர்ந்த விரால் மீன்களின் வாய் வழியாகச் சீட்டாட்டக் கூட்டாளி ஒருவனைத் திட்டத் தொடங்கினான். அந்த வாரம் சாவ் டாக் சந்தையில் பூசணிக்காய் சற்று விலை ஏறியிருந்தது.

ஹாவ் ஆற்றில் மிதக்கும் எங்கள் வீடுகளுக்குக் கீழே மீன்கூண்டு தொங்கும். கூடத்துப் பலகையைத் தூக்கித் தீனி போடுவோம். கோயின் மனைவி லுவா அப்படித் தூக்கியபோதுதான் குரல் வந்தது. விரால் மூச்சு வாங்க மேலே வரும் சாதி. ஒன்று வந்து ஒரு சொல்லை விட்டுவிட்டு முங்கும். அடுத்தது அடுத்த சொல்லை விடும். வாக்கியம் முடிய நேரமாகும் என்பதைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. எப்படி என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கோய் போனது, மீன்தூள் ஆலைக்குப் பொடிமீன் அள்ளும் படகில். படகு கவிழ்ந்தது, அவனைப் பொடிமீன்கள் தின்றன, வேறொரு படகு அவற்றை அள்ளியது, ஆலை அரைத்தது, லுவா விராலுக்குப் போட்டாள். விற்றுப்போன விரால்கள் சட்டியில் பேசியதாக வாங்கியவர்கள் யாரும் புகார் செய்யவில்லை.

லுவாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவன் செத்த நாள். நாள் தெரியாவிட்டால் திதி கிடையாது. திதி இல்லாதவன் ஏழாம் மாதம் அநாதை ஆவிகளுக்கு ஊற்றும் கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

"எந்த நாள்ல போனீங்க? சொல்லித் தொலைங்களேன்."

"நான் போனேன்னு எவண்டி சொன்னான்? இங்க இருட்டா இருக்கு, அவ்ளோதான். கரைக்கு வந்து பேசிக்கறேன். தீனியப் போடு."

இதற்கிடையில் கடலில் பொடிமீன் தீர்ந்துகொண்டிருந்தது. கோயின் தம்பி தியென் புதுத் தீவன மூட்டையோடு வந்தான். மீன்தூளில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சோயாப் புண்ணாக்கு கலந்தது.

"பல்கலைக்கழகத்துக்காரங்களே சொல்லிட்டாங்க அண்ணி. விராலுக்கு வித்தியாசமே தெரியாதாம்."

"விராலுக்குத் தெரியாது தம்பி. உங்க அண்ணனுக்குத் தெரியும்."

தெரிந்தது. முதல் மூட்டையில் கோயின் வசவுகள் போயின. அக்கம்பக்கத்தில் இதை முன்னேற்றம் என்றார்கள். புண்ணாக்கு பாதியானபோது ஊர்ப் பெயர்கள் போயின, தம்பியின் பெயர் போயிற்று. லுவாவை "இந்தாம்மா" என்றான். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து மீன்களை எடை போட்டார்கள், சிலவற்றின் குடலை அறுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுப் போனார்கள். பிறகு தியென் முழுக்கச் சோயா மூட்டையையே இறக்கினான். மீன்தூள் எங்கேயும் இல்லை, அவனைத் திட்டிப் பயனில்லை.

லுவா பழைய மீன்தூளில் ஒரு பையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாள். அதைப் பிடி பிடியாகப் போட்டு, ஒவ்வொரு பிடிக்கும் அதே கேள்வியைக் கேட்டாள். கடைசிப் பிடியையும் போட்டாள். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"லுவா. தண்ணி. உள்ள. வந்துருச்சு."

"வந்து ரொம்ப நாளாச்சுங்க."

"இன்னிக்கு. என்ன. நாளு?"

"ஒம்பதாம் மாசம், தேய்பிறை மூணு."

"அப்ப. அதையே. வச்சுக்க."

மறுநாளிலிருந்து விரால்கள் ஒரு பெண்ணின் குரலில் பேசின. எந்த மொழி என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. இரண்டு கடலுக்கு அப்பால் காட்டைக் கொளுத்திச் சோயா விதைக்கிறார்கள் என்று தியென் கேள்விப்பட்டிருந்தான். கொளுத்தும்போது உள்ளே யார் இருந்தார்கள் என்று அவன் விசாரிக்கவில்லை. லுவா அவளிடமும் நாள் கேட்டுப் பார்த்தாள். அவள் அதே பேரைத்தான் திரும்பவும் கூப்பிட்டாள்.

ஆண்டுதோறும் ஒன்பதாம் மாதம் தேய்பிறை மூன்றாம் நாள் லுவா கோயின் படத்துக்கு முன்னால் இரண்டு கிண்ணம் சோறு வைக்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் காரம் ஆகுமோ ஆகாதோ என்று ஒன்றில் மட்டும் மிளகாய் போடுவதில்லை. மீன்கள் நன்றாக எடை கூடுகின்றன.