காலையில் திறந்த பாட்டில்

பெரிய மாப்பிள்ளை குளியலறைக் குழாய் விற்பவர். அதில் ஒரு குறையும் இல்லை, நல்ல குழாய்கள்தான். ஆனால் போன வருடம் ஏதோ ஒரு விருந்தில் யாரோ ஒயினைக் கோப்பையில் சுழற்றுவதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவர் தண்ணீரைக்கூடச் சுழற்றித்தான் குடித்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் சின்ன மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சின்னவர் ஒரு பெரிய ஹோட்டலுக்கு ஒயின் தேர்ந்து கொடுப்பவர். முகர்ந்து, வாயில் வைத்து, இதை வாங்கலாம், இதைத் தொடாதே என்று சொல்வதுதான் பிழைப்பு. குடும்பத்தில் அவருக்கு 'மூக்கு' என்று பெயர். கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு முழங்கால் போய்விட்டது. படியேற முடியாமல், லிஃப்ட் உள்ள சின்ன வீடு ஒன்றுக்கு மாறப்போகிறார். பழைய வீட்டின் நிலவறையில் அவரும் மறைந்த மனைவியும் ஆயுள் முழுக்கச் சேர்த்த சிவப்பு ஒயின் பாட்டில்கள் வரிசையாகப் படுத்திருந்தன. புது வீட்டில் அவற்றுக்கு இடமில்லை.

"பிரிச்சுக் குடுக்க மாட்டேன். மொத்தமும் ஒருத்தர் வீட்டுக்குத்தான் போகும்" என்று அவர் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டோட அந்தப் பழைய பாட்டிலைத் திறப்போம். ரெண்டு பேரும் குடிச்சுப் பார்த்து, அதோட ருசி இன்னும் ஏறுதா, உச்சத்துல நிக்குதா, இறங்கிடுச்சான்னு சொல்லுங்க. பதத்தைச் சரியா சொல்றவர் எடுத்துக்கட்டும்."

அந்தப் பழைய பாட்டில், மூத்த மகள் பிறந்த வருடம் கணவனும் மனைவியுமாக வாங்கியது. அப்போது வாங்கியதில் அது ஒன்றுதான் மிச்சம்.

சின்னவருக்குச் சிரிப்பு வந்தது. குழாய்க்காரரோடு தனக்குப் போட்டியா! பாட்டில்களை வைக்க வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கருப்புத் திரைகூட வாங்கி மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காலையிலேயே போய்ச் சேர்ந்தார். கூடத்து ஜன்னலோரம், வெயில் விழும் இடத்தில், அடி அகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்று நின்றது. அதற்குள் ஒயின். பக்கத்தில் காலிப் பாட்டில்.

"வாங்க சகலை! எப்படி?" என்று பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இப்பதான் திறந்து ஊத்தினேன். நல்லா மூச்சு விடட்டும்."

சாப்பாட்டுக்கு இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது.

இந்த மூச்சு விடும் சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடலாம். வயது குறைந்த சிவப்பு ஒயினில் டானின் என்றொரு துவர்ப்பு உண்டு. பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கு ஒட்டுமே, அந்த இனம். அகலமான குடுவையில் ஊற்றி வைத்தால் காற்றுப் பட்டு அந்த முரட்டுத்தனம் அடங்கும், மணம் அவிழும். பழைய ஒயினோ இந்த வேலையையெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே பல வருடமாக மெல்லச் செய்து முடித்திருக்கும். துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று கூடிக் கனத்து, வண்டலாக அடியில் தங்கியிருக்கும். மிஞ்சுவது மணமும் ஒரு மெல்லிய உடம்பும்தான். அதைக் காற்றில் காயப்போடுவது, காய்ச்சலிலிருந்து எழுந்தவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி. வண்டலை மட்டும் பாட்டிலில் நிறுத்திவிட்டு, மேலே தெளிந்ததை ஊற்றி, உடனே குடித்துவிட வேண்டும். வெயில் வேறு பட்டால் கேட்கவே வேண்டாம்.

"மூச்சா? பேஷ், பேஷ். நல்லா விடட்டும்" என்றார் சின்னவர்.

பெரியவர் உச்சி குளிர்ந்து, மாமனாரைக் கைப்பிடித்து மாடியிலிருந்து இறக்கிவரப் போனார். கூடத்தில் யாருமில்லை. சின்னவர் ஒரு கோப்பையை எடுத்து, அடி நனையும் அளவுக்கு ஊற்றினார்.

கோப்பையைச் சாய்த்து வெள்ளை மேசைவிரிப்புக்கு மேல் பிடித்தார். நடுவில் மாணிக்கச் சிவப்பு, விளிம்புக்கு வர வர வெளுத்துச் செங்கல் நிறம். இந்த வயதுக்கு இருக்க வேண்டிய நிறம்தான். மூக்கருகே கொண்டுபோனார். காய்ந்த ரோஜா இதழ், மழை நின்ற காட்டுத் தரை, பழைய தோல் பை. ஒன்று மறைய ஒன்று வந்தது. வாயில் வைத்தார். துவர்ப்பு பட்டாகி இருந்தது. விழுங்கிய பிறகும் மணம் போகாமல் தொண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தது. எத்தனையோ ஆயிரம் ஒயின்களை ருசி பார்த்துத் துப்பிய வாய், இதைத் துப்ப மறந்துவிட்டது.

உச்சம். சந்தேகமே இல்லை. அந்த நிமிடத்தில் அது உச்சத்தில் நின்றது.

எல்லாரையும் ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் போதும். கூப்பிட வாயெடுத்தவர், மாடிப்படியில் பெரியவரின் குரலைக் கேட்டார். "மாமா, இந்த ஒயின் விஷயத்துல பொறுமைதான் முக்கியம்." சின்னவர் வாயை மூடிக்கொண்டார். கோப்பையைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார். பொறுமையா? அப்படியே இருக்கட்டும், பார்க்கலாம்!

சாப்பாட்டு மேசையில் நால்வருக்கும் ஊற்றினார்கள், மாமனாருக்கும் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சின்ன மகளுக்கும். தனக்கு ஒயின் ஆகாது என்று மூத்தவள் மட்டும் ஒதுங்கிக்கொண்டாள். பெரியவர் கோப்பையை ராட்டினம் போலச் சுழற்றி, ஒரு சொட்டைச் சட்டையில் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடினார்.

"ஆகா! செர்ரி. சாக்லேட். அப்புறம்... புகையிலை. மாமா, இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கு. பத்து வருஷம் அசைக்க முடியாது."

"உங்க கடையில குழாய் நூறு வருஷம் வரும்னு சொல்வீங்களே, அந்தக் கணக்கா சகலை?"

மாமனார் சிரிக்கவில்லை. தம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை."

சின்னவர் முகர்ந்தார். நினைத்தபடியே ஆகியிருந்தது. ரோஜா இல்லை, காடு இல்லை. வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் வாடையும், பின்னால் லேசாகக் காடியும். வாயில் புளிப்பு மட்டும் தனியாக நின்றது.

"செத்துப்போச்சு மாமா."

மாமனாரின் முகம் வாடியது. "அப்போ நான்தான் ரொம்ப நாள் வெச்சுட்டேனோ? உங்க அத்தை அப்பவே சொன்னா, திறந்துடலாம்னு."

"ஐயோ, நீங்க ஒண்ணும் கெடுக்கலை" என்று சின்னவர் கையை ஆட்டி மறுத்தார். காத்திருந்த நேரம் வந்துவிட்டது. "இதோ உக்காந்திருக்காரே, இவர்தான் கொன்னார். வயசான ஒயினைக் காலையிலேயே திறந்து, அண்டா மாதிரி குடுவையில ஊத்தி, வெயில்ல வேற வெச்சிருக்கார். விருந்துல பார்த்து ஒயின் கத்துக்கிட்டா இப்படித்தான். குழாயைத் திறந்தமா மூடினமான்னு இருந்திருக்கலாம்."

பெரியவரின் முகத்தில் ரத்தமே இல்லை. "நெசமாவா? நல்லதுன்னு நினைச்சுதான் மாமா..."

"மாப்பிள்ளை, ஒருவேளை இது முன்னாடியே போயிருந்தா? பாவம், அவர்மேல ஏன் போடறீங்க?" என்றார் மாமனார்.

சின்னவரின் மூக்கின்மேல் ஒருவர் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன மாமா பேசறீங்க? நான் வந்தப்ப பிரமாதமா இருந்துச்சு. காஞ்ச ரோஜா, மழை பெஞ்ச காடு. இந்தத் தொழில்ல நான் அப்படி ஒண்ணைக் குடிச்சதே இல்லை. அப்படியே உச்சத்துல..."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"குடிச்சுப் பார்த்தீங்களா?" என்று மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு... ஒரு வாய்."

"நான் மாடிப்படியிலதானே இருந்தேன். ஏன் மாப்பிள்ளை கூப்பிடலை?"

அதற்குப் பதில் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மாமனார் கோப்பையை எடுத்து, செத்த ஒயினைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். முகம் சுளிக்கவில்லை. "மூத்தவரே, பாட்டில் எல்லாம் உங்க வீட்டுக்குப் போகுது" என்றார்.

"எனக்கா? நான்தானே மாமா கெடுத்தேன்!" என்று பெரியவர் பதறினார்.

"நீங்க தெரியாம கெடுத்தீங்க. சொன்னா திருத்திக்குவீங்க. இவர் தெரிஞ்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தார். ஒயின் பதமா இருந்த நேரத்துல இவருக்கு வேற ஒரு தாகம்."

சின்னவர் தட்டைப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். எதிரியைப் பார்ப்பதைவிட மோசமாக அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஆசையா வாங்கினது. அதுல எங்கப்பாவுக்கு ஒரு வாய் கிடைக்கலை. உங்களுக்குக் கிடைச்சுது. நல்லா இருந்துச்சா?"

பெரியவருக்குத்தான் பொறுக்கவில்லை. "விடும்மா" என்று சமாதானம் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சின்னவர் பக்கம் நகர்த்தினார். குரலில் ஒரு துளிக் குத்தல்கூட இல்லை. அதுதான் சின்னவருக்குத் தாங்கவில்லை.

"சகலை, மனசுல வெச்சுக்காதீங்க. கீழே இருக்கறதுல எதை இப்பவே குடிக்கணும், எதை வெச்சிருக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் ஒவ்வொண்ணா சொல்லித் தரணும். இப்பவே போய்ப் பார்ப்பமா?"

சின்னவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தார்.

"எழுந்திருங்க" என்றாள் அவர் மனைவி. "இந்தத் தடவையாவது நேரத்துல சொல்லுங்க."