தகரக் கூட்டில் செவலி

திருவனந்தபுரத்தில் குளிரே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். மார்கழி பிறந்தால் காதைச் சுற்றி மப்ளரும் தோளில் கம்பளிச் சால்வையுமாக, விடியற்காலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வரைக்கும் பஜனை பாடிக்கொண்டு போகிற ஆண்பிள்ளைகள்தான் சொல்வார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஜால்ரா தட்டிக்கொண்டு போகிறவர் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பிள்ளை.

அந்தச் சாலைக் கடைத்தெருவில்தான் எங்களுக்கு நெல், அரிசி மொத்த வியாபாரம். முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் முற்றம், முற்றத்தை ஒட்டிக் கோடவுன். அந்தக் கோடவுனைக் காத்தவள் செவலி. சிவந்த நிறத்து நாட்டு நாய். எலியையும் விடமாட்டாள், கள்ளனையும் விடமாட்டாள்.

முந்தின மார்கழியில் அவள் போட்ட குட்டிகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. அந்தியில் முட்டி முட்டிப் பால் குடித்தது, விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கும். அதுகளின் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இவர் ஜால்ராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆயுசாம் ஆயுசு. எல்லாம் இவர் கட்டி வைத்த கூடு செய்த வேலை.

பாளையத்துப் பக்கம் ஏதோ ஒரு துரை பங்களாவில் நாய்க்கூடு பார்த்துவிட்டு வந்து, ஆசாரியைக் கூப்பிட்டு அதே மாதிரி செய்யச் சொன்னார். கன்றுக்குட்டியைக் கட்டலாம், அவ்வளவு பெரிசு. முன்பக்கம் முழுக்கத் திறப்பு, மேலே தகரம், சுற்றிலும் பச்சைப் பெயின்ட். கடைக்கு வருகிற வியாபாரிகளை எல்லாம் முற்றத்துக்குக் கூட்டிவந்து அதைக் காட்டுவார். ஆனால் அந்தத் தகரம் விடியற்காலையில் உள்ளே வியர்த்துச் சொட்டும். அத்தனை பெரிய கூட்டில் ஒரு நாயின் உடம்புச் சூடு எந்த மூலைக்குக் காணும்? துரை நாய்க்குப் பங்களாவுக்குள் கணப்பு இருந்ததோ என்னவோ, அதை இவர் பார்க்கவில்லை. பெயின்டைப் பார்த்தார், வந்துவிட்டார்.

அடுத்த மார்கழியிலும் செவலி குட்டி போட்டாள். மூன்று குட்டிகள். இந்தத் தடவை ஒன்றையும் சாக விடுவதில்லை என்று நான் வரிந்து கட்டிக்கொண்டேன். அந்தப் பெரிய கூட்டுக்குள்ளேயே மண்ணெண்ணெய் டின் வைத்து வந்த மரப்பெட்டி ஒன்றைப் படுக்க வைத்து, அடியில் செங்கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கினேன். காற்று நேரே புகாதபடி அதன் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மேலே தகரத்துக்கு அடியில் ஓலை செருகினேன். பெட்டிக்குள் துணி போடவில்லை. துணி ஈரத்தைக் குடித்துவிட்டு அதைக் குட்டிகளின் உடம்பில் ஏற்றும். காய்ந்த வைக்கோலைத் திணித்தேன், ஈரம் பட்டதை அன்றன்றைக்கு மாற்றினேன். கூட்டு வாசலுக்கு ஒரு கிழிந்த சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டேன். உள்ளே கையை விட்டால் அடுப்பங்கரை மாதிரி கதகதவென்று இருக்கும். குட்டிகள் கண் திறந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அதில் கடைக்குட்டிக்கு ஒரு கால் மட்டும் வெள்ளை. என் காலடிச் சத்தம் கேட்டால் அதுதான் முதலில் தலையை நீட்டும்.

இவருக்கு அந்தச் சாக்கைப் பார்த்தால் ஆகவில்லை.

"திருவனந்தபுரத்துல என்னட்டி தணுப்பு? நாய்க்கு மேலெல்லாம் பகவான் மயிரு குடுத்திருக்காருல்லா" என்றார்.

உங்கள் நெஞ்சிலும்தான் குறைவில்லாமல் கொடுத்திருக்கிறார், பிறகு சால்வை எதற்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. குட்டிகளுக்காக அடக்கிக்கொண்டேன். கோடவுனில் சாக்கு மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. ஒரு கிழிந்த சாக்கு அந்த மனுஷர் கண்ணை உறுத்துகிறது.

போகி அன்று வீடு முழுக்க வெள்ளையடித்து முடித்திருந்தோம். பொங்கலுக்கு நாகர்கோவிலிலிருந்து அவருடைய அக்கா பொன்னம்மை மதினி வருகிறாள். மஞ்சள் குலையும் கரும்பும் வாங்க நான் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரம். முற்றத்தில் புகை வந்தது. பழைய பாய், பழைய முறம், என் பழைய சேலைகள் எல்லாம் எரிந்து அடங்கியிருந்தன. அது வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாய்க்கூடு வெறிச்சென்று இருந்தது. பெட்டி இல்லை, வைக்கோல் இல்லை, ஓலை இல்லை, சாக்கும் இல்லை. போதாக்குறைக்குக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் கழுவியும் விட்டிருந்தார்கள். ஈரப் பலகையில் செவலி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். முதலாளி சொன்னார் என்று வேலைக்காரன் வேலாயுதன் தலையைச் சொறிந்தான்.

அவரிடம் போய்க் கேட்டேன். போகி அன்று பழசைக் கழிக்காவிட்டால் மூதேவி தங்கிவிடுவாள் என்றார். நாளும் கிழமையுமாக முற்றத்தில் கிழிந்த சாக்கு தொங்கினால் அக்கா என்ன நினைப்பாள் என்றார். சரி, கோடவுனைத் திறந்து நல்ல சாக்காக நாலு கொடுங்கள் என்றேன். சாவியைப் பூஜையில் வைத்தாயிற்று, பொங்கல் பூஜை முடியாமல் எடுக்கக் கூடாது என்றார். குட்டிகளை அடுக்களைக்காவது கொண்டுவருகிறேன் என்றேன். வெள்ளையடித்த வீட்டுப் படியை நாய் மிதிக்கக் கூடாது என்று வாசலில் நின்றுகொண்டார். அக்கம்பக்கத்தில் வைக்கோல் கேட்டுப் பார்த்தேன். விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஒன்றும் எடுத்துக் கொடுக்க மாட்டோம் என்று கையை விரித்தார்கள். இப்படி ஆளுக்கொரு சாஸ்திரம். எந்தச் சாஸ்திரத்திலும் ஒரு பிடி வைக்கோலுக்கு இடமில்லை. கடைசியில் என் குளியல் துண்டைக் கொண்டுபோய் விரித்துவிட்டு வந்தேன்.

விடியற்காலையில் குளித்துவிட்டு நேராக முற்றத்துக்குத்தான் போனேன். துண்டு பிழிந்தால் தண்ணீர் வரும் போல நனைந்திருந்தது. வெள்ளைக்கால் குட்டி தலையை நீட்டவில்லை. செவலி அதை நக்கிக்கொண்டே இருந்தாள், அது விறைத்துப் போயிருந்தது. மற்ற இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. கத்தக்கூட அதுகளுக்குத் தெம்பில்லை.

முற்றத்தில் பொங்கல் அடுப்பு தயாராக இருந்தது. அதை மூட்டினேன். பானையை ஏற்றவில்லை. இரண்டு குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். செவலி என் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

ராத்திரியே வந்து சேர்ந்திருந்த மதினியும் அவரும் முற்றத்துக்கு வந்தார்கள். அவர் தோளில் அந்த வருஷம் வாங்கிய புதுச் சால்வை. நல்ல நேரம் போகிறது, நாயைத் தொட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறாயே, போய்க் குளித்துவிட்டு வந்து பானையை ஏற்று என்று சத்தம் போட்டார்.

"சால்வையத் தாங்க" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

"இதுகளப் பொதியணும். வீட்டுல இருந்த பழசெல்லாம் நீங்க எரிச்சாச்சு. இனிப் புதுசுதான் இருக்கு. அதத் தாங்க. தந்தாத்தான் பானை ஏறும்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் அக்காவிடம் முறையிட்டார். எங்கள் வீட்டில் பொங்கல் பானையை வீட்டுக்காரிதான் ஏற்ற வேண்டும், வேறு கை படக்கூடாது. அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். நான் அசையவில்லை. மதினி என் மடியைப் பார்த்தாள், கூட்டுக்குள் கிடந்ததைப் பார்த்தாள். எனக்கு எதிராக ஏதாவது சொல்லுவாள் என்றுதான் நினைத்தேன்.

"குடுத்துரு தம்பி. நேரம் போகுது" என்றாள்.

அவர் சால்வையை உருவி என்மேல் எறியாத குறையாகப் போட்டார். நான் குட்டிகளை அதில் பொதிந்து, அடுப்புச் சூடு படுகிற தூரத்தில் ஒரு பனையோலைக் கடவப் பெட்டிக்குள் வைத்தேன். செவலியும் உள்ளே ஏறிச் சுருண்டாள். கொஞ்ச நேரத்தில் குட்டிகள் பால் குடிக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் போய் இன்னொரு தடவை குளித்துவிட்டு வந்து பானையை ஏற்றினேன்.

பால் பொங்கி வழிந்தது. மதினி குரவையிட்டாள். அவர் வெறும் தோளோடு கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். முற்றத்தில் ஊதல் காற்று. கும்பிட்ட கையை இறக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, அடுப்புப் பக்கமாக நகர்ந்து வந்தார்.

"மங்கலம், சூடா ஒரு வாய் காப்பி தாட்டி. தணுக்குது" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"திருவனந்தபுரத்துல என்ன தணுப்பு?" என்றேன்.

முருங்கை மரத்து மூட்டில் வேலாயுதன் வெள்ளைக்கால் குட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.