ஊதா விளக்கில் ஒரு பால்மரக்காடு

சுரேன் சொன்ன பொய் சின்னதுதான். "அம்மாவுக்குக் காய்ச்சல் ஆண்ட்டி, இன்னிக்கு வர முடியாது." ஆனால் அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஆள்தான் தப்பு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கௌரிக்குக் கை சும்மா இருக்காது. காலையில் போனில் கேட்டவர், சாயங்காலம் கொத்தமல்லிக் கஷாயத்தோடும் குடும்பத்தோடும் அவனுடைய ஓவியக் கண்காட்சிக்கே மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"இது முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்கே போலாம் தம்பி. அம்மாவைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

சுரேன் தலையை மட்டும் ஆட்டிவைத்தான். அம்மா நவமணி கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கௌரியின் மகள் ஆர்த்திகாவைத்தான் அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுடைய அப்பா பஞ்சலிங்கம் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்கு வந்தவரின் பேரன். வீட்டுச் சுவர் முழுக்கப் பட்டமளிப்புப் படங்கள். நவமணியோ தாப்பா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபின் ஈப்போ நகரத்துக்கு வந்து ஆஸ்பத்திரி கேண்டீனில் தட்டு கழுவுகிறாள். இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் கிந்தா ஆறே ஓடுகிறது என்று சுரேன் முடிவு கட்டிவிட்டான். அவர்கள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவனே தோண்டிய ஆறு அது.

"உன் கண்காட்சிக்கு வாரோம். அம்மாவையும் அங்கயே பாத்துப் பேசிடுவோம். கல்யாணத்தப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்று பஞ்சலிங்கம் சொல்லியிருந்தார். அதற்குப் பயந்துதான் நேற்று ராத்திரி சுரேன் அம்மாவிடம், "நீ வர வேணாம்மா. அவங்க முன்னாடி நீ ஏதாச்சும் பேசிடுவே" என்றான். நவமணி, "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். அவன் நிம்மதியாகத் தூங்கவும் போய்விட்டான், மகராசன்.

பழைய ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடிதான் கண்காட்சிக் கூடம். கூரையிலிருந்து தரைவரை வெள்ளைத்தாளில் வெட்டிய பால்மரங்கள் தொங்கின. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அவை வெறும் தாள்தான். புற ஊதா விளக்கு பட்டால் மட்டும் ஒளிரும் நிறமில்லாத மையால், ஒவ்வொரு மரத்திலும் சீவிய கோட்டையும் அதன் வழியே மங்குக் கிண்ணத்துக்குள் சொட்டும் பாலையும் சுரேன் வரைந்திருந்தான். கடையில் கிடைக்கும் சாதாரணத் தாள் அந்த விளக்கில் தானாகவே நீலமாகப் பளீரிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடும். அதற்காகவே தேடி அலைந்து பருத்தித்தாள் வாங்கியிருந்தான்.

கூடத்தை நடத்தும் சரளா பல்புகளை அணைத்து ஊதா விளக்கைப் போட்டாள். முதலில் மின்னியது பஞ்சலிங்கத்தின் வெள்ளைச் சட்டை. சலவைச் சவுக்காரத்தூளின் வேலை! கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். அதற்குள் காடு விழித்துக்கொண்டது. மரத்துக்கு மரம் நீலப் பால் சரிந்து இறங்கியது. "ஐயோ!" என்று ஆர்த்திகா சுரேனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கண் வேறெங்கோ நிலைத்துவிட்டது. ஒவ்வொரு தாளின் மூலையிலும், அவன் வைக்காத ஒரு பச்சையும் மஞ்சளுமான புள்ளி எரிந்தது. ஒரு தாளில் இல்லை, எல்லாத் தாளிலும். மை கசிந்துவிட்டதா? பதறிப்போய்க் குனிந்து பார்த்தான். விரல் ரேகை தெரிந்தது. முகர்ந்து பார்த்தான்.

மஞ்சள்.

புதுச்சட்டையோ கல்யாணப் பத்திரிகையோ, மூலையில் மஞ்சள் தொடாமல் நவமணி எதையும் வாசல் தாண்ட விடமாட்டாள். லேசாகத் தொட்டது பல்பு வெளிச்சத்தில் தெரியவில்லை. தாள்கள் காய்ந்து அடுக்கி வைத்தது நேற்று ராத்திரி, அவன் படுக்கப் போகும்முன். வர வேண்டாம் என்று சொன்ன பிறகு. அதற்கப்புறம்தான் அவள் எழுந்து வந்து ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் வைத்திருக்கிறாள்.



"தோட்டத்து ஆளுங்களோட விரல் அடையாளம்! என்னா ஐடியா லா சுரேன்!" என்று சரளா கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

பஞ்சலிங்கம் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார். "இது யாரு விரல் தம்பி?"

கற்பனை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நினைத்தவன்தானே! ஆனால் பூசணிக்காய் சுற்றிலும் எரிந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா விரல் அங்கிள்." "அவங்களுக்குக் காய்ச்சல் இல்ல. நான்தான் வர வேணான்னு சொல்லிட்டேன்."

கைதட்டல் நின்றது. ஆர்த்திகா அவன் கையை விட்டாள்.

"ஏன்?" என்றார் பஞ்சலிங்கம்.

"நீங்க... ஏதாச்சும் நெனச்சுக்குவீங்கன்னு..."

"நாங்க என்ன நெனப்போம்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது. "பெத்தவளையே மறைக்கிறவன், நாளைக்கு என் மகளை யாருகிட்ட மறைப்பான்?"

சுரேனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"அவங்களுக்குப் போன் போடு" என்றாள் ஆர்த்திகா. அவன் போனை எடுத்தான். அவளே போனை வாங்கி, எண்ணைத் தட்டி, ஒலிபெருக்கியைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

இரண்டாவது மணியிலேயே நவமணி எடுத்துவிட்டாள். "நல்லா நடந்துச்சாப்பா?"

"அம்மா... நீ கெளம்பி வா."

நவமணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவங்க போய்ட்டாங்களா?"

கௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஞ்சலிங்கம் ஆர்த்திகாவின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"போகலம்மா. நான் பஞ்சலிங்கம் பேசுறேன். நீங்க வார வரைக்கும் இங்கதான் இருப்போம்."

பிறகு போனை மகளிடமே கொடுத்தார். சுரேனை அவர் பார்க்கவில்லை.