இரு பறவைகளின் கால்கள்

கீழ்வானம் வெளுத்து, மலைச்சரிவின் மூடுபனி விலகி, அருங்காட்சியகத்தின் நெடிய சாளரங்கள் ஒவ்வொன்றாய் ஒளியேற்கும் இளங்காலை. நுண்பொருள் நோக்கும் நல்லீர், அதன் மேல்தளத்தில், இழுப்பறைகளில் அடுக்கடுக்காய்த் துயிலும் பதப்படுத்திய பறவை உடல்களினிடையே, தன் குரல் தனக்கே கேளாதபடி பேசும் இளம் ஆய்வாளர் ஒருத்தி அமர்ந்திருந்தாள். எதிரே அவள் தமக்கை. பறவை நூலொன்றிற்கு ஓவியம் தீட்டுபவள். இறுதிப் படம் உலர்ந்துகொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு அச்சகத்தார் அதைப் பெற்றுச் செல்வர்.

படத்தில், ஒரே கிளையில் இரண்டு ஈப்பிடிப்பான்கள். உடன்பிறந்தவை போன்ற சிறுமேனி, ஒத்த பெருவிழி, பாய்ந்து பூச்சியைக் கவ்வி அக்கிளைக்கே மீளும் ஒரே வழக்கம். ஒன்றன் மார்பு சாம்பல் படிந்த வெண்மை; மற்றதன் மார்பு ஈரமண் நிகர்த்த பழுப்பு. அடர்ந்த நிழலில் அவ்வேறுபாடும் மங்கிவிடும். கால்கள் இரண்டிற்கும் கருமையே என்று, இழுப்பறை உடல்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தவள் தங்கைதான்.

அவ்வேளை சாளரத்தின் புறத்தே, தாழ்கிளையொன்றில் பழுப்பு மார்புப் பறவை வந்தமர்ந்தது. அதன் கால்கள் வைக்கோல் போல் வெளிறியிருந்தன.

தங்கை அதைக் கண்டு எழுந்தாள். இழுப்பறையைத் திறந்து, அவ்வினத்து உடல்கள் நான்கின் காலிலும் கட்டியிருந்த சீட்டுகளை முதன்முறையாகத் திருப்பினாள். 'உயிருடன் கண்டபோது கால் வெளிர்மஞ்சள்' என்று நான்கிலும் பழைய மையில் எழுதியிருந்தது. வாய் திறவாதிருந்தால் ஒருவரும் அறியார். ஆனால் இந்நூலை நம்பிக் காட்டில் நிற்போர் அனைவரும் ஒரு பறவையை மற்றதாய்க் கொள்வர்.

"அக்கா, பழுப்பு மார்புக்குக் காலை மாத்தணும். தப்பு என்னோடது."

"அடிப்பாவி, ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்து நிப்பாரு. உன் பறவைக்கு இப்பத்தான் கால் முளைச்சுதா?"

"உடம்பு காய்ஞ்சா கால் கறுத்துடும்க்கா. சீட்டைத் திருப்பிப் பாக்காம எழுதிட்டேன்."

தமக்கை படத்தை மீண்டும் தன்பக்கம் இழுத்தாள். பின் கத்தி முனையால் கருமையைச் சுரண்டி, வெளிர்மஞ்சளைக் குழைக்கத் தொடங்கினாள். அச்சக ஊழியர் வந்தபோது வண்ணம் ஈரமாகவே இருந்தது. அவர் நேரமாகிறதென்று முணுமுணுத்துக் கைநீட்ட, அந்நியரிடம் ஒரு சொல்லும் பேசியறியாத தங்கை படத்திற்கு முன்னே வந்து நின்றாள்.

"காயட்டும். உக்காருங்க," என்றாள்.

அவர் அமர்ந்தார். உயிர் நீங்கிய உடலில் நிறம் நில்லாது, நல்லீர். அதை அன்றே எழுதிவைக்கும் கை வேண்டும், பின்னாளில் அதைத் திருப்பிப் படிக்கும் கண்ணும் வேண்டும், படித்ததை உரைக்கும் வாயும் வேண்டும்.