பஃபலோவில் குடியிருந்த தொலைக்காட்சி

1998இல் எங்கள் குடும்பம் நான்கு இடத்தில் குடியிருந்தது. கார் விட்பியில் இருந்தது, அங்கே இன்சூரன்ஸ் மலிவு. மகள் நிலாணி மில்லிக்கனில் இருந்தாள், அங்கே பள்ளிக்கூடம் திறம். தொலைக்காட்சி எல்லை தாண்டி அமெரிக்காவில், பஃபலோவில் இருந்தது. இதெல்லாம் கடதாசியில்தான். உண்மையில் காரும் மகளும் ரீவியும் என்னோடும் என் மனிசன் தியாகலிங்கத்தோடும் ஸ்காபரோவில், எக்ளின்ரன் வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில்தான் இருந்தன. எங்கள் சொந்த விலாசத்தை நாங்கள் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று பயமோ தெரியாது.

இந்த மனிசனை நான் குறை சொல்லவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குறைதான் சொல்கிறேன்.

டிஷ் கதை சீமோனோடு தொடங்கியது. சீமோன் என்பவர் வானுக்குள் டிஷ்களை அடுக்கிக்கொண்டு ஸ்காபரோ முழுக்கத் திரிந்தவர். அமெரிக்கக் கம்பனி கனடாக்காரருக்கு இணைப்புக் கொடுக்காது. அதனால் சீமோன் பஃபலோவில் இருக்கும் தன் மச்சானுடைய விலாசத்தைக் கொடுப்பார். அந்த மச்சானுடைய இரண்டு அறை வீட்டில் மட்டும் கணக்குப்படி நாற்பது குடும்பம் குடியிருந்தது. கம்பனி எங்களுக்கு ஃபோன் எடுத்து, "உங்கள் வீட்டில் அன்ரெனா போட்டால் உள்ளூர்ச் சானல்கள் தெரியுமா?" என்று கேட்டது. சீமோன் சொல்லிக்கொடுத்தபடி இவர், "இல்லை, மலை மறைக்கிறது" என்றார். உள்ளூர்ச் சானல் கிடைக்காத பாவிகளுக்கு மட்டும் வெளியூர்ச் சானல் கொடுப்பது அங்கே சட்டமாம். அப்படி நியூயோர்க்கும் லொஸ் ஏஞ்சலசும் எங்கள் ஹோலுக்குள் வந்தன.

இருநூறு சானல். அதில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. நியூயோர்க்கில் பார்த்த அதே நாடகத்தை மூன்று மணித்தியாலம் கழித்து லொஸ் ஏஞ்சலசில் திரும்பப் பார்க்கலாம், அவ்வளவுதான் புண்ணியம். இவர் 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் மாட்டுப்பட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே இருந்து, லொஸ் ஏஞ்சலசில் எந்த வீதியில் நெரிசல் என்று பார்ப்பார். "இண்டைக்கு அங்கயும் சரியான ட்ரஃபிக்" என்று திருப்திப்படுவார்.

கேபிளை வெட்டினார். பழைய ரீவியின் மேல் நின்ற இரட்டைக் காதுக் கம்பி அன்ரெனாவைக் குப்பைக் குழாய்க்குள் போட்டார். போதாதென்று கட்டடத்தில் இருந்த பதினான்கு தமிழ் வீடுகளுக்கும் பிரசங்கம் பண்ணி, கேபிளை வெட்டுவித்து டிஷ் பூட்டுவித்தார். தெற்குப் பார்த்த பல்கனி எல்லாவற்றிலும் ஒவ்வொரு சட்டி முளைத்தது. மசியாதவர் ஒரே ஒரு ஆள், மூன்றாம் மாடியில் தனியே இருந்த அன்ரனெற் அன்ரி.

"தம்பி, எனக்கு உள்ளூர்ச் சானல் அஞ்சும் காணும். நான் இருக்கிற ஊரில மழை பெய்யுமோ எண்டுதான் எனக்குத் தெரியவேணும்" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். இவர் அன்று முதல் அவருக்குக் காதுக்கம்பி என்று பட்டம் வைத்தார்.

இப்போது மில்லிக்கன் கதைக்கு வருகிறேன். இதுதான் என் நெஞ்சைக் குத்திய கதை.

இவருடைய தமையன் இராசரத்தினமும் மனைவி றீற்றாவும் மில்லிக்கனில் வீடு வாங்கியிருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நிலாணியைச் சேர்ப்பதற்காக இவர் ஒரு கடிதம் எழுதினார்: பிள்ளையின் தாயும் தகப்பனும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள், அதுவரை பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் பொறுப்பு. ஐந்து வருடம் அந்தக் கடிதம் அந்தப் பள்ளிக்கூடத்து ஃபைலில் இருந்தது. ஐந்து வருடம் பெற்றோர் சந்திப்புக்கு றீற்றாக்கா போனார். நிலாணியின் ரிப்போர்ட்டில் றீற்றாக்கா கையெழுத்து வைத்தார். விடிய ஆறரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையை இரண்டு பஸ் மாறுவதற்கு அனுப்பிய நான் கொழும்பில் இருந்தேன். ஒரு நாள், ஒரேயொரு நாள், நான் அந்தப் பள்ளிக்கூடப் படியேறி "நான்தான் நிலாணியின் அம்மா" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மே மாதம் நிலாணி பள்ளிக்கூடங்களுக்கிடையிலான பொது அறிவுப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தாள். ரொறன்ரோ சானல் ஒன்றில், சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு, நேரடி ஒளிபரப்பு. பொறுப்பாளருக்கு இரண்டு ரிக்கெற். பொறுப்பாளர் யார் என்று சொல்லத் தேவையில்லை. றீற்றாக்கா புதுச் சேலை எடுத்தார்.

"பரவாயில்லை புனிதம், நாங்கள் ரீவியில பாப்பம். பெரிய ஸ்கிரீன்" என்றார் இவர். பதினான்கு வீட்டுக்கும் வரச்சொல்லி அறிவித்தும்விட்டார்.

வெள்ளிக்கிழமை ரிமோட்டோடு இருந்து ஒன்று முதல் இருநூறு வரை அமத்தினார். திரும்ப இருநூறிலிருந்து ஒன்றுக்கு வந்தார். மீன் பிடிக்கும் சானல் இருந்தது. நகை விற்கும் சானல் நான்கு இருந்தது. வீட்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ரொறன்ரோ சானல் மட்டும் இல்லை.

"ரீவி பஃபலோவில எல்லோ இருக்கு. அங்க ரொறன்ரோ தெரியுமே?" என்றேன்.

கோபத்தில் கம்பனிக்கு ஃபோன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், தன் ஆங்கிலத்தை நானும் கேட்க வேண்டும் என்று.

"எனக்கு ரொறன்ரோ சானல் வேண்டும்" என்றார்.

"சேர், நீங்கள் பஃபலோவில் இருக்கிறீர்கள். ரொறன்ரோ வாவிக்கு அந்தப் பக்கம்தான். கூரையில் சின்ன அன்ரெனா போட்டால் சும்மா தெரியும்" என்றாள் அந்தப் பிள்ளை.

"தெரியாது. மலை மறைக்கிறது."

"பஃபலோவில் மலையா?"

மறுபக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது.

"சேர், உங்கள் விலாசத்துக்கு அன்ரெனாவில் உள்ளூர்ச் சானல் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று இங்கே காட்டுகிறது. உங்களுக்கு நியூயோர்க்கும் லொஸ் ஏஞ்சலசும் தந்திருக்கவே கூடாது. நிற்பாட்டிவிடுகிறேன். வேறு உதவி ஏதும் வேண்டுமா?"

ஃபோனை வைக்க முன்னமே திரையில் ஓடிய லொஸ் ஏஞ்சலஸ் கறுத்தது. நெரிசலைக்கூடப் பார்க்கவிடாமல் செய்துவிட்டாள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் குசினிக்குள் ஓடினேன். அங்கே அடுப்படியில் நின்றபோதுதான் அழுகை வந்தது. என் பிள்ளையை நான் மண்டபத்திலும் பார்க்க முடியாது, வீட்டிலும் பார்க்க முடியாது. மில்லிக்கன் வீட்டுத் திறப்பைக் கேட்டு, பூட்டைத் திறந்து உள்ளே இருந்து பார்த்திருக்கலாம். அந்த வீட்டுத் திறப்பைக் கேட்டால் நான் புனிதவதி இல்லை.

கட்டடத்தில் காதுக்கம்பி இருப்பது அன்ரனெற் அன்ரி வீட்டில் மட்டும்தான் என்று சனிக்கிழமை காலை போகும்போது நிலாணி சொல்லிவிட்டுப் போனாள். பின்னேரம் ஐந்தரைக்கு நான் மூன்றாம் மாடிக்கு இறங்கிக் கதவைத் தட்டினேன். அன்ரனெற் அன்ரி கேட்பதற்குமுன் விசயத்தைச் சொன்னேன்.

"உள்ள வா பிள்ளை. உன்ர மனிசன் எங்க?"

"லிஃப்டுக்குள்ள ஒளிச்சு நிக்கிறார்."

"கூட்டிக்கொண்டு வா. ஆராவது கம்பியைப் பிடிக்கவும் வேணும்."

ஆறு மணிக்கு, எங்கள் வீட்டுக்கு வரவிருந்த பதினான்கு வீட்டுச் சனமும் இறங்கி வந்து அந்தச் சின்ன ஹோலுக்குள் நின்றது. எல்லாரிடமும் இருநூறு சானல் இருந்தது, பிள்ளையைப் பார்க்கக் காதுக்கம்பி வேண்டியிருந்தது. கம்பியை இவர் பிடித்தார். விட்டால் படம் அலைந்தது, பிடித்தால் நின்றது.

"அசையாதை தம்பி, பிள்ளையின்ர முகம் போகுது" என்றார் அன்ரி.

நிலாணி என் பழைய சங்கிலியைப் போட்டிருந்தாள். கேள்விகள் பறந்தன. ரொறன்ரோவில் பின்னேரம் ஆறு என்றால் லொஸ் ஏஞ்சலசில் எத்தனை மணி என்று ஒன்று வந்தது. நிலாணி கேள்வி முடியமுதல் மூன்று என்றாள். "பாத்தியளே, டிஷ்!" என்று இவர் துள்ள, படம் முழுக்கப் பனி பெய்தது. பதினான்கு வீடும் சேர்ந்து ஏசியது.

இரண்டாம் இடம். ஒரு புள்ளியால் தவறியது. போட்டி நடத்தியவர் ஒலிவாங்கியோடு அவளிடம் போனார். கமரா றீற்றாக்காவைக் காட்டியது, கைக்குட்டை தயாராக இருந்தது. யுத்தம் நடக்கும் நாட்டில் இந்தப் பிள்ளையின் பெற்றோர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று போட்டி நடத்தியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மண்டபம் உச்சுக்கொட்டியது.

"உன் அம்மா இப்போது உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்லுவாய்?"

நிலாணி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். "தமிழில சொல்லலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு நேராகக் கமராவைப் பார்த்தாள்.

"அம்மா, அன்ரனெற் அன்ரி வீட்டில நிக்கிறியளோ? ஏழேமுக்கால் பஸ்ஸில வாறன். சரியான பசி, புட்டு அவிச்சு வையுங்கோ. உந்தக் கொழும்புக் கதை எனக்குக் காணும் அம்மா. இனி என்னால ஏலாது."

"என்ன சொன்னாய்?" என்றார் அவர்.

"வீட்டுக்கு வாறன் எண்டு சொன்னன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மனிசர் கண்ணைத் துடைத்தார். மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. மண்டபத்தில் விசயம் விளங்கியது றீற்றாக்காவுக்கும் அவர் மனிசனுக்கும்தான், றீற்றாக்காவின் கைக்குட்டை பாதி வழியில் நின்றுவிட்டது.

அன்ரியின் ஹோலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சத்தில் என்னால் முடியவில்லை. என் பிள்ளை என்னோடு கதைக்க, சுற்றி நின்ற சனத்துக்கு விளங்காத பாஷை தேவைப்பட்டிருக்கிறது. அதுக்கு நானும் ஒத்து ஊதியிருக்கிறேன். இவர் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நிகழ்ச்சி முடிந்தும் அவர் கம்பியை விடவில்லை.

"கையை எடுங்கோ. நான் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போறன்" என்றேன்.

"புனிதம், பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப்போடுவாங்கள்."

"நிப்பாட்டட்டும்."

திங்கட்கிழமை சேலை உடுத்து நிலாணியோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஐந்து வருடமாக அவள் மாறிய பஸ்கள். அலுவலகத்துக்கு முன் அவள் என் கையைப் பிடித்தாள், பிறகு யாராவது பார்ப்பார்கள் என்று விட்டாள்.

பள்ளிக்கூட அதிபர் எழும்பி வந்து கைகொடுத்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இவ்வளவு கெதியாக விசா கிடைத்துவிட்டதா? சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் அழுதோம். எப்போது வந்து இறங்கினீர்கள்?"

"நான் எங்கேயிருந்தும் வரவில்லை. ஐந்து வருடமாக எக்ளின்ரனில் இருக்கிறேன். நான்தான் நிலாணியின் அம்மா" என்றேன். இரண்டு நாள் பாடமாக்கிய ஆங்கிலம்.

அவருடைய முகம் மெல்ல மாறியது. ஃபைலைத் திறந்து இவருடைய கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிலாணியைப் பார்த்தார். "எக்ளின்ரன் எங்கள் எல்லைக்குள் இல்லை, தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது" என்று சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சொன்னார். பிறகு மேசை லாச்சியை இழுத்துப் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பேனையோடு என் பக்கம் தள்ளினார்.

தாயின் பெயர் என்ற கோட்டில் புனிதவதி தியாகலிங்கம் என்று பெரிதாக எழுதினேன். கட்டட இலக்கம் எழுதினேன், வீதி எழுதினேன். தபால் குறியீட்டில் பேனை நின்றது. விட்பியினுடையது தெரியும். மில்லிக்கனுடையது தெரியும். பஃபலோவினுடையதைத் தலைகீழாகவும் சொல்லுவேன்.

"பிள்ளை, எங்கட வீட்டுப் போஸ்டல் கோட் என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"அம்மா, சீரியஸ்லி?" என்றாள் நிலாணி. பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லித்தந்தாள்.