கல்ஃப் டோக்கன்

ஏழாம் நம்பர் வேன் எங்கே என்று யாரோ பத்து விநாடிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாகர்கோவிலில், பள்ளி வேன்களுக்குச் செயலி செய்து தரும் சின்ன அலுவலகம். மாலை மூன்றே முக்கால். பெற்றோர் வேனைத் தேடுவது சகஜம்தான். ஆனால் இத்தனை அவசரமா? அங்கே நிரல் எழுதும் ஜினிஷா, அந்தக் கோரிக்கையோடு வந்த டோக்கன், அதாவது உள்ளே நுழைந்தவருக்குச் செயலி தரும் அடையாளம், யாருடையது என்று பார்த்தாள்.

எபிசன். பெமிலாவின் அப்பா.

பெமிலா ஜினிஷாவின் மகள், இரண்டாம் வகுப்பு. எபிசன் பிரிந்துபோன கணவன். பிள்ளையின் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் தடை இருந்தது. 'தூக்கிட்டுப் போயிருவேன், ஆயுசுக்கும் தேடிட்டுக் கெட' என்று கத்தாரிலிருந்து அவன் அனுப்பிய குரல் பதிவு இன்னும் அவள் போனில் இருக்கிறது.

"அவன் நம்பர லிஸ்ட்லேருந்து நான் எப்பமே எடுத்தாச்சே" என்றாள்.

பக்கத்து நாற்காலி முருகதாஸ் எட்டிப் பார்த்தான். "நம்பர எடுத்த. டோக்கன எடுத்தியா? அது கல்ஃப் டோக்கன்லா."

அவளே வைத்த பெயர். பள்ளியில் கொடுத்த நம்பர் பாதிப் பேருக்குப் புருஷன் நம்பர். புருஷன் கல்ஃபில். மனைவி இங்கே செயலியைத் திறந்தால் ஓடிபி அங்கே போகும். அவன் டூட்டி முடிந்து சொல்வதற்குள் வேன் வந்து போயிருக்கும். புகார் தாங்காமல், ஒரு தரம் உள்ளே வந்தால் போதும், டோக்கன் காலாவதியே ஆகாது என்று எழுதிவிட்டாள். டோக்கன் நிஜமா என்று மட்டும் சர்வர் பார்க்கும். அந்த ஆளுக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று பார்க்காது.

வேன் எத்தனை தூரத்தில் வருகிறது என்று காட்டுவதற்காக, கேட்பவரின் இடமும் கோரிக்கையோடு வரும். வரைபடத்தில் எபிசனின் புள்ளி கத்தாரில் இல்லை. இராஜாக்கமங்கலத்தில், பெமிலா இறங்கும் நிறுத்தத்தில் நின்றது.

வேன் நான்கு கிலோமீட்டரில்.

டிரைவர் ஞானையனுக்கு மறுபடி மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அதற்காகவே பள்ளியில் அவரைப் பாராட்டியிருந்தார்கள்.

"போலீசுக்குச் சொல்லியாச்சு, இருவது நிமிசம் ஆவுமாம்" என்றான் முருகதாஸ். "டோக்கன வெட்டி விடுட்டி."

"வெட்டுனா நாம கண்டுட்டோம்னு தெரிஞ்சிரும். அங்கயே நிப்பான். வேன் தானா அவன் முன்னால போய் நிக்கும்."

மூன்றரை கிலோமீட்டர்.

போன செவ்வாய் சாலைப் பணிக்காக வேன் மணவாளக்குறிச்சி சுற்றிப் போயிருந்தது. அந்தத் தடம் பதிவில் கிடந்தது. ஜினிஷா நான்கு வரி எழுதினாள். இந்த டோக்கன் கேட்டால் மட்டும் இன்றைய வேனைக் காட்டாதே, போன செவ்வாயைக் காட்டு. இரண்டு இடத்தில் பிழை. திருத்தி ஏற்றினாள்.

எபிசனின் திரையில் இப்போது வேன் மேற்கே திரும்பியிருக்கும்.

அவன் புள்ளி நகரவில்லை.

"நம்பல்ல" என்றாள்.

"பொறு."

பத்து விநாடி. இருபது. முப்பது. புள்ளி மெல்ல அசைந்தது. பிறகு ஓடத் தொடங்கியது, மணவாளக்குறிச்சிப் பக்கமாக. முருகதாஸ் போலீசுக்கு மறுபடி அடித்து இடத்தை மாற்றிச் சொன்னான்.

இராஜாக்கமங்கலத்துக்கு முந்திய நிறுத்தத்தில் ஞானையன் திருப்பி அழைத்தார். "ஒம்பது தடவ விளிச்சிருக்கியே மக்கா, என்ன காரியம்?"

"அண்ணாச்சி, பெமிலாவ இறக்காண்டாம். நான் வாறது வர வண்டிலயே இருக்கட்டும்."

"அவ ஒறங்கிப் போயிட்டா. சரி, வா."

முருகதாஸின் பைக்கில் போய்த் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். மணவாளக்குறிச்சியில் எபிசனைப் பிடித்துவிட்டதாகப் போலீஸ் சொன்ன பிறகும் அவள் பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.

டோக்கன்கள் நிஜம்தான் என்று சர்வர் சரிபார்க்கும் ரகசியச் சாவியை மாற்றினாள். அறுநூற்றுச் சொச்சம் டோக்கன்களும் ஒரே நொடியில் செத்தன. எல்லோரும் மறுபடி ஓடிபி கேட்டு உள்ளே வரவேண்டும்.

போன்கள் அலறின. ஓடிபி துபாய்க்குப் போகிறது, மஸ்கட்டுக்குப் போகிறது என்று திட்டு. முருகதாஸ் சமாளித்துக்கொண்டிருந்தான். ஏழாவது அழைப்பை ஜினிஷா எடுத்தாள். தாழ்ந்த குரல்.

"மேடம், அந்த நம்பருக்கு இனி ஓடிபி அனுப்பாதீங்க. எங்க வீட்டுக்காரரு ஊருக்கு வந்தாச்சு. பிள்ளைய நெனச்சா எனக்குப் பேடியா, பயமா இருக்கு."

தோளில் பெமிலா புரண்டு படுத்தாள்.

"உங்க பிள்ள எந்த வேன்ல வருது?" என்று கேட்டாள் ஜினிஷா.