மண்ணெண்ணெய் வாசம்

அடையாறு பாலத்தின் மேல் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜீப் ரிப்பேர் பார்க்கிற தண்டனை என் எதிரிக்கும் வேண்டாம். அந்த வருஷம் நவம்பர் பிறந்தும் மழையைக் காணோம். ஆறு என்று பெயர் வைத்துக்கொண்டு கீழே ஊர்ச் சாக்கடை கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. அந்த நாற்றத்தில் காலையில் தின்ற இட்லி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. ஜீப்பைப் பார்த்தால் அதைவிடக் குமட்டியது. மூன்று வாரத்தில் மூன்றாவது தடவை நடுவழியில் நிற்கிறது.

ஜீப் ஆடிட்டர் கல்யாணராமனுடையது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் வண்டி. கோவளத்துக்குப் பக்கத்தில், மணலுக்குள் இரண்டு மைல் போனால் அவருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. வேறு எந்த வண்டி போனாலும் அங்கே புதைந்துவிடும். மயிலாப்பூர் வீட்டிலிருந்து தோப்புக்குக் கிளம்பியவர் பாலத்தில் நின்றுபோய், ஒரு கடையிலிருந்து எனக்குப் போன் போட்டார். மந்தைவெளியில் இருபது வருஷமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சுயம்புலிங்கம் நான்தான்.

"என்ன சுயம்பு, பம்ப் மாத்தினேங்கறே, கார்புரேட்டர் அலம்பினேங்கறே. ஆத்துலேர்ந்து கெளம்பி கால் மணி ஆகல, நின்னுடுத்து. எல்லாரும் என்னையே வேடிக்கை பாத்துண்டு போறா."

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு பேசினார். நான் பானெட்டைத் திறந்தேன். எனக்கு வண்டிகளைப் பிடிக்கும், வண்டி வைத்திருப்பவர்களைப் பிடிக்காது. பாதி பேர் பராமரிக்க மாட்டார்கள், மீதிப் பேர் பாடம் நடத்துவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் முதல் தடவை நின்றபோது ஜீப்பை என் ஷாப்புக்குக் கொண்டுவந்தவன் தங்கவேல். ஆடிட்டரிடம் பதினோரு வருஷம் டிரைவராக இருந்தவன். ஆடிட்டரும் கூடவே ஆட்டோவில் வந்து இறங்கி, "என்ன கோளாறு, இப்பவே சொல்லு" என்று என் தலைமேல் நின்றார். நான் வேறொரு வண்டியின் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எரிச்சலோடு எழுந்துபோய் ஜீப்பின் பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, விரலில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தேன்.

"மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது சார். யாரோ பெட்ரோல எடுத்துட்டு இத ஊத்தி வச்சிருக்காங்க."

யாரோ என்றுதான் சொன்னேன். அந்த ஜீப்புக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தங்கவேல் பதறிப்போனான். "அண்ணாச்சி, இன்னா பேசுற நீ? உன் கையிதான் நாறுது. அந்த கைய வச்சிக்கினு மோந்து பாத்தா வேற இன்னா வாசம் வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. என் ஷாப்பில், என் ஆட்கள் முன்னால், என் மூக்கைக் குறை சொல்கிறானே என்று கோபம் வந்தது. "இருபது வருஷ மூக்குடா இது" என்று கத்தினேன். ஆடிட்டர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவன் அப்படியே நடந்து போனான்.

அதற்கப்புறம் டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றினேன். சாந்தோம் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், குதிரை மாதிரி ஓடியது. நாலு நாளில் மறுபடி நின்றது. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், சாந்தோம் வரை ஓட்டினேன், ஓடியது. இதோ பாலத்தில் நிற்கிறது.

பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். வரவில்லை. கன்னம் ஒட்ட இழுத்த பிறகு ஒரு மடக்கு வந்தது. காறித் துப்பினேன். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நாக்கில் பிசுபிசுவென்று நிற்கும், இது சுத்தமான பெட்ரோல். டேங்க் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. குழாயில் அடைப்பும் இல்லை. பின்னே ஏன் வர மாட்டேன் என்கிறது?

டிரைவர் சீட்டைத் தூக்கினேன். டேங்க் அதற்கு அடியில்தான். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மறுபடி குழாயை உறிஞ்சினால் பெட்ரோல் வாய் நிறைய வந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராது. காற்று போக இன்னொரு ஓட்டை போட வேண்டும். ஜீப்பில் அந்த இன்னொரு ஓட்டை டேங்க் மூடியின் நடுவில் இருக்கிறது, குண்டூசி நுழையும் அளவுக்கு. அது அடைத்துவிட்டால் கால் மணி நேரம் ஓடும், பிறகு பெட்ரோல் வராமல் நிற்கும். நிறுத்தி வைத்தால் எங்காவது இடுக்கு வழியாகக் காற்று கசிந்து மறுபடி கிளம்பும். சாந்தோம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தவனுக்கு அது தெரியவே தெரியாது.

மூடியின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் சந்தனம் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜையன்று ஷாப்புக்கு வந்த ஒவ்வொரு வண்டிக்கும் பொட்டு வைத்தது நான். ஸ்டீயரிங், பானெட், பேட்டரி, கடைசியில் வண்டியின் வயிறு என்று டேங்குக்கும். பையன்கள் தாறுமாறாக அப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, என் கட்டை விரலால் அழுத்தி வைத்தேன். பூஜை முடிந்த ஐந்தாம் நாள்தான் ஜீப் முதல் தடவை நின்றது.

என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. கீழே கிடந்த சாக்கடை அதற்குத் தேவலை.

"சார், தங்கவேல் மேல தப்பில்ல. அவன் எதையும் கலக்கல. நான் வச்ச பொட்டு மூடிய அடச்சிருக்கு. பாகம் கழுவுன என் கையில இருந்த மண்ணெண்ணெய் நாத்தத்த அவன் தலையில கட்டிட்டேன். அவனத் திரும்பக் கூப்பிடுங்க."

ஆடிட்டர் மூடியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி விடு. வண்டி ஓடறதோல்லியோ? போனவனைப் போய்க் கூப்டுண்டு வந்து, தப்பு நம்மளதுன்னு சொல்லிண்டு நிக்கணுமா? நன்னாவா இருக்கும்? நீயும் யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே."

சீ என்று இருந்தது. படித்த மனுஷன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருமண். அதைவிடக் கேவலம், அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற நிம்மதி. இப்படியே விட்டுவிட்டால் நானும் அவரும் ஒரே ஜாதி.

டேங்க் வாயில் துணியைக் கட்டி, வேறு மூடி கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று சொல்லி, அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். சந்தனத்தைச் சுரண்டாமல் மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருவான்மியூருக்கு என் ஸ்கூட்டரை விட்டேன்.

தங்கவேல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் கார் கழுவிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பெட்ரோல் திருடன் என்ற பேர் டிரைவர்கள் மத்தியில் பரவ நாலு நாள் போதும், அப்புறம் யார் சாவி கொடுப்பார்கள்? பத்து நாள் முன்பு அந்த வழியாகப் போனபோது அவனைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

வாளியோடு நின்றவனிடம் மூடியைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. மூடியை வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை.

"இத்த ஊதிப் பாக்க எவ்ளோ நேரம் ஆவும் அண்ணாச்சி?"

"அரை நிமிஷம்."

அவன் தலையை ஆட்டினான். "ஆடிட்டர் இன்னா சொன்னாரு?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் எல்லா ஸ்டாண்டுலயும் சொல்றேன் தங்கவேலு. உனக்கு வேலைக்கும் நானே கேக்கறேன்."

"அத்த அப்பால பாக்கலாம். எம்பொண்ணு தீபிகா நாலாவது படிக்குது. நீ திருடுனியாப்பான்னு கேட்டுச்சு. இல்லன்னு சொன்னேன், நம்பல. மூணு வாரமா எங்கையால சோறு வாங்க மாட்டேங்குது. வூட்ல தான் கீது. வந்து இத்த காட்டி, நீயே சொல்லு."

"வா, இப்பவே போலாம்."

அவன் நகரவில்லை. வாளியையும் சோப்புத் துண்டையும் என் பக்கமாகக் காலால் தள்ளினான்.

"மொதல்ல கைய கழுவிக்க."